ஒரு கன மீட்டருக்கு எத்தனை குதிரை

1

கடல் எதையும் நான் தாண்டவில்லை. ஓசூரைத் தாண்டினேன், அவ்வளவுதான். ஆனாலும் நாகப்பட்டினத்தில் என் சொந்தக்காரர்கள் என்னைப் பற்றிப் பேசும்போது சிங்கப்பூரில் இருப்பவனைப் பற்றிப் பேசுகிற மாதிரியே பேசுகிறார்கள். கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டு, "அவன் எங்க வரப்போறான்" என்று அவர்களே முடிவும் செய்துகொள்கிறார்கள். முடிவு பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது. பாஸ்போர்ட் எடுக்காமல் ஒருவன் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் நான் வந்துவிட்டேன் போலிருக்கிறது.

1991 ஜூனில் ஒரு டிரங்குப் பெட்டியோடும் மனைவி ஸ்டெல்லாவோடும் மூன்று வயது மகளோடும் பெங்களூரில் இறங்கினேன். இந்த ஜூனோடு பத்து வருஷம். அந்த ஞாயிற்றுக்கிழமை லிங்கராஜபுரத்தில் மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை கண்டுவிட்டு வந்ததும் ஸ்டெல்லா சேமியா பாயசம் வைத்தாள்.

"இன்னைக்கு எதுக்குப் பாயசம்?"

"இங்க வந்து பத்து வருஷம் ஆச்சுங்க. அதுக்காக உக்காந்து அழவா முடியும்?"

ஸ்டெல்லா காக்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியை. வருஷத்துக்கு வருஷம் அவள் வகுப்பில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கடைசி இரண்டு பெஞ்சுகளைப் போன வருஷம் கன்னட வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் மகள் ஜெனிக்குப் பதின்மூன்று வயது. அவளும் இரண்டாம் மொழியாக எடுத்திருப்பது கன்னடம்தான். அது வேறு பள்ளிக்கூடம் என்று ஸ்டெல்லா எல்லோரிடமும் சமாதானம் சொல்லுவாள்.

பாயசம் ஆறுவதற்குள் போன் வந்தது. அண்ணன் சவரி. நாகையில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறார். படகுகளுக்கு ஐஸ் பார் போடுவதுதான் அவர் தொழில். கரண்ட் போனால் ஐஸ் கட்டாது, ஐஸ் கட்டாவிட்டால் படகு அடுத்த கம்பெனிக்குப் போய்விடும். இத்தனை காலமும் கரண்ட் போகும்போதெல்லாம் டீசல் எஞ்சினைப் போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தவர், அன்றைக்குப் பெரிய செய்தியோடு பேசினார்.

"தம்பி, நம்ம ரோட்டுல இயற்கை எரிவாயு பைப்பு வந்துருச்சு. நாலு கம்பெனி சேந்து எழுதிப் போட்டோம், கெடச்சிருச்சு. என் பங்கு ஒரு நாளைக்கு அறுவது கன மீட்டர். கேஸ் எஞ்சின் வாங்கி கம்ப்ரசர்ல நேரா பெல்ட்டு மாட்டிட்டா கரண்டுகாரன் தயவே வேணாம். ஒரு கன மீட்டருக்குப் பதினஞ்சு ஹெச்பி வருது. நானே வகுத்துப் பாத்துட்டேன்."

"ஹெச்பி இல்லண்ணே, ஹெச்பி மணி. மணிய விட்டுட்டீங்களே."

"மணிய எங்கடா விட்டேன்? இந்தா, பெல்ட்ட இழுத்துக்கிட்டு எதுத்தாப்லதான் நிக்கிறான்."

மணி என்பது அண்ணனிடம் வெகுகாலமாக வேலை பார்க்கும் ஆளின் பெயர். இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு ஒண்டியா முடியலடா. எஞ்சின் பாக்கத் தெரிஞ்ச ஆளு வேணும். நீ வந்துரு. பாதிப் பாதி. நீயும் ஒரு தடவ கணக்குப் போட்டுப் பாத்து, சரியா வரும்னா சொல்லு. அந்த எஞ்சின வாங்கிருவோம்."

ஊருக்கு வா என்று பத்து வருஷத்தில் யாரும் என்னை இவ்வளவு தெளிவாகக் கூப்பிட்டதில்லை. ஸ்டெல்லா கரண்டியைக் கையில் பிடித்தபடி அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

2

அண்ணன் கணக்கை என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. நான் சம்பளம் வாங்குவதே இந்தக் கணக்குக்குத்தான்.

பெங்களூருக்கு நான் வந்தது ஒரு தொழிற்சாலையில் எஞ்சின் சோதனைப் பிரிவில் வேலைக்கு. சில வருஷத்தில் அந்தப் பிரிவையே மூடி, விருப்ப ஓய்வு என்று பெயர் வைத்து எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். யாருடைய விருப்பம் என்று நாங்கள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு மென்பொருள் அலுவலகத்தில் சேர்ந்தேன். அங்கே எல்லோருக்கும் என் வயதில் பாதி இருக்கும். எங்கள் வாடிக்கையாளர்கள் அமெரிக்காவில் எரிவாயுக் குழாய் வைத்திருப்பவர்கள். குழாயில் வாயுவைத் தள்ளுவதற்கு இடையிடையே கம்ப்ரசர் வேண்டும், அந்தக் கம்ப்ரசரை ஓட்டும் எஞ்சின் அதே குழாயிலிருந்து கொஞ்சம் வாயுவை எடுத்து எரித்துக்கொள்ளும். எரித்தது எவ்வளவு, இழுத்தது எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். எரித்ததைத் தெர்ம் என்ற வெப்ப அளவில் சொல்வார்கள். இழுத்ததை ஹெச்பி மணியில், அதாவது ஒரு குதிரைத்திறன் ஒரு மணி நேரம் செய்கிற வேலையை ஓர் அலகாக வைத்துக் கேட்பார்கள். ஒன்றை மற்றொன்றாக மாற்றிக் கொடுக்கிற நிரலுக்கு நான்தான் காவல்காரன்.

சுலபமான வேலை என்று நினைப்பீர்கள். ஒரு தெர்முக்கு முப்பத்தொன்பது ஹெச்பி மணியும் சில்லறையும். பெருக்கினால் முடிந்தது. ஆனால் எரிவாயுக்காரர்கள் எம் என்று ஒற்றை எழுத்துப் போட்டால் அது ஆயிரம். எங்கள் பிள்ளைகள் படித்துவிட்டு வந்த எம் பத்து லட்சம். ஆயிரம் மடங்கு பிசகின விடை திரையில் வந்து நிற்கும், அதை வைத்தகண் வாங்காமல் பார்த்துவிட்டு "சார், கரெக்டா இதியல்லா?" என்று, சரியாகத்தானே இருக்கிறது என்கிற மாதிரி கேட்பார்கள். குதிரையிலும் இரண்டு ஜாதி. இங்கிலாந்துக் குதிரை ஒன்று, ஐரோப்பாக் குதிரை ஒன்று. ஐரோப்பாக் குதிரை கொஞ்சம் இளைத்தது. எந்தக் குதிரை என்று கேட்காமல் மாற்றினால் நூற்றுக்கு ஒன்றரை பிசகும். இதையே எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது.

இது எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. காகிதத்தில் வெப்பத்தை வேலையாக மாற்றினால் ஒரு துளி குறையாமல் மாறும். எஞ்சினில் அப்படி மாறாது. எரிகிற வாயுவில் கால்பங்கு, நல்ல எஞ்சினாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்கு வந்து சேரும். மிச்சமெல்லாம் சைலன்சர் வழியாகப் புகையோடு போகும், ரேடியேட்டர் தண்ணீரைச் சுட வைக்கும். அது யாருடைய தப்பும் இல்லை, எஞ்சின் என்றால் அப்படித்தான்.

அண்ணன் சொன்ன பதினைந்து, காகிதக் கணக்கு. போனிலேயே எனக்கு அது தெரிந்துவிட்டது. ஆனாலும் அன்றைக்கு நான் அதைச் சொல்லவில்லை. "பாத்துச் சொல்றேண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

3

ஏன் சொல்லவில்லை என்பதற்கு இந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வந்த புதிதில் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் மாற்றிக்கொள்ளப் போனேன். நாகையிலிருந்து எல்லாக் காகிதமும் வாங்கி வந்திருந்தேன். ஏஜென்சியில் இருந்தவர் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அட்ரஸ் ப்ரூஃப் இல்லாந்த்ரெ கேஸ் கொடல்லா" என்றார். எனக்குக் கன்னடம் தெரியாது. "கொடல்லா" என்பதை நம்ம ஊர் "கொடுக்கல" என்று எடுத்துக்கொண்டேன். இன்னும் கொடுக்கவில்லை, வந்ததும் கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாளும் போய் உட்கார்ந்தேன். அதற்கு அடுத்த நாள் அவருக்கே பொறுக்கவில்லை. அரைத் தமிழில் சத்தம் போட்டார்: "யோவ், கொடுக்க மாட்டேன்னு சொன்னா புரியாதா உனக்கு?" ரேஷன் கார்டு இருந்தால் கேஸ் கொடுப்பார்களாம். ரேஷன் கார்டு ஆபீசில் போய் நின்றால், கேஸ் புத்தகம் இருந்தால் கார்டு கொடுப்பார்களாம். இரண்டுக்கும் நடுவில் ஸ்டெல்லா வெகுநாள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சமைத்தாள். இன்றைக்கும் அந்த வாடை வந்தால் அவள் முகம் மாறிவிடும்.

கடைசியில் கார்டு வந்தபோது அதில் என் பெயர் சூசை என்று இருந்தது. சூசை என் அப்பா. என் பெயருக்கு முன்னால் இருக்கிற எழுத்துக்கு விரிவு கேட்டார்கள், சொன்னேன், அதையே பெயராக்கிவிட்டார்கள். லூர்து என்கிற நான் இனிஷியலாகிப் போனேன். திருத்தக் கேட்டு எழுதிப் போட்டேன். பிறகு அலுத்துவிட்டேன்.

பத்து வருஷத்தில் நான் பேசுகிற தமிழே மாறிவிட்டது என்பாள் ஸ்டெல்லா. "கவனிச்சீங்களா, நீங்க எதச் சொன்னாலும் 'ஆம்'ல முடிக்கிறீங்க. தண்ணி வராதாம், பஸ் ஓடாதாம், வீட்டுக்காரர் வாடகை ஏத்துவாராம்." உண்மைதான். அந்நிய ஊரில் எல்லாமே யாரோ சொல்லித்தான் நமக்குத் தெரியவருகிறது. காவிரித் தண்ணீர்ப் பேச்சு எழும் நாட்களில் பஸ்ஸில் வாயைத் திறக்காமல் வருவோம். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, "நாளைக்குக் கடை அடைப்பாம்" என்போம். நாமாகப் பார்த்து, நாமாக முடிவு செய்து, நம் வாயால் ஒன்றைச் சொல்வது குறைந்துபோகிறது.

ஜெனிக்கு இந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. அவள் வீட்டுக்காரரோடு கன்னடம், கீழ்வீட்டுப் பிள்ளைகளோடு இந்தி கலந்த உருது, தோழிகளோடு ஆங்கிலம், எங்களோடு இவை எல்லாம் போக மிச்சம் இருக்கிற தமிழ். பெரியப்பா போனில் என்ன சொன்னார் என்று கேட்டாள். குதிரைத்திறன் பற்றி என்றேன்.

"அப்டின்னா?"

"ஒரு எஞ்சின் எவ்வளவு வேகமா வேல செய்யும்னு சொல்றது."

"ஓ, அஷ்வசக்தி! தமிழ்ல சொன்னா எப்டி டாடி தெரியும்?"

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். தமிழ் ஆசிரியையின் மகள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

4

 அடுத்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் எல்லோரும் ஊருக்குப் போவதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஸ்டெல்லா நாகையில் தான் படித்த பள்ளிக்குப் போன் செய்து தமிழாசிரியர் இடம் காலியாக இருக்கிறதா என்று விசாரித்திருக்கிறாள். அதை என்னிடம் சொல்லும்போது, ஏதோ பேச்சுவாக்கில் கேட்டதுபோலச் சொன்னாள். "ஒரு கிளாஸுக்கு அம்பது பிள்ளைங்களாம்" என்றாள். இந்த முறை 'ஆம்' போட்டது அவள்தான், குரலில் அத்தனை ஆசை. கூட்டமாக இருக்கிற வகுப்பை நினைத்து ஏங்குகிற ஆசிரியையை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஜெனி ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னாள்: "நங்கே பேடா. அங்க எனக்கு யாரும் இல்ல. ஐஸ் ஃபாக்டரி ஸ்மெல் வரும். நீங்க ரெண்டு பேரும் போங்க, நான் ஹாஸ்டல்ல இருக்கேன்." எனக்கு வேண்டாம் என்று கன்னடத்தில் ஆரம்பித்து, தமிழில் சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் அழுதாள். அழும்போதுகூட அவளுக்குத் தமிழ் வரவில்லையே என்று ஸ்டெல்லா பிறகு என்னிடம் சொல்லி வருத்தப்பட்டாள்.

நான் அலுவலகத்தில் மத்தியானம் எல்லோரும் டீக்குப் போனதும், எங்கள் நிரலைத் திறந்து அண்ணனின் எண்ணைப் போட்டேன். ஒரு கன மீட்டருக்குப் பத்தாயிரம் கிலோ கலோரி. எந்த அளவுக்கு மாற்ற வேண்டும்? ஹெச்பி மணி. தட்டினேன். பதினைந்து புள்ளி ஆறு என்றது. அண்ணன் கையால் வகுத்த அதே பதினைந்து. நான் காவல் காக்கிற நிரல், அண்ணன் பக்கம் சாய்ந்துவிட்டது. எந்த எஞ்சின், எத்தனை பழசு, புகையில் எவ்வளவு போகும் என்று அது கேட்கவே இல்லை. அதைப் பார்த்துவிட்டு, "நிரலே சொல்லிருச்சுண்ணே, எஞ்சின வாங்குங்க" என்று சொல்லிவிட்டு மூட்டை கட்டலாம். ஒரு நிமிஷம் அப்படியே செய்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. கடல் காற்றும் ஐஸ் கம்பெனியின் அமோனியா நெடியும் மூக்குக்குள் வந்துவிட்டன.

பிறகு ஒரு தாளை எடுத்து ஒழுங்காகப் போட்டேன். கம்ப்ரசருக்கு நாற்பது ஹெச்பி வேண்டும். ஐஸ் கட்ட ஒரு நாளைக்கு இருபது மணி நேரமாவது ஓட வேண்டும். ஆக, எண்ணூறு ஹெச்பி மணி; காகிதக் கணக்கில் அறுபது கன மீட்டருக்குத் தொள்ளாயிரம் தாண்டும். வாயுவை எரிக்கும்போது பிறக்கிற நீராவியோடு போகிற வெப்பத்தைக் கழித்தேன். எஞ்சினுக்குக் கால்பங்கும் போடாமல் அதற்குச் சற்றுக் கீழே போட்டேன். அறுபது கன மீட்டருக்கு இருநூறு சொச்சம்தான் வந்தது. அதாவது, கம்ப்ரசர் ஐந்து மணி நேரம் ஓடும். ஐந்து மணி நேரத்தில் ஐஸ் ஆகாது, தொட்டியில் ஐஸ் டின்களைச் சுற்றி நிற்கிற உப்புத் தண்ணீர் குளிர்வதோடு சரி.

அந்த விடையைப் பார்த்தபோது எனக்கு வந்தது வருத்தம் இல்லை, நிம்மதி. அப்பாடா என்று இருந்தது. இதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அங்கே போய் அண்ணனோடு கூட்டுச் சேர்ந்து, ஜெனியை அழ வைத்து, இந்த வயதில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவதை நினைத்து நான் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். இங்கே எனக்குப் பிடித்தது எதுவும் இல்லை, ஆனால் எல்லாம் பழகிவிட்டது. களைத்துப்போனவனுக்குப் பழக்கம் போதும் போலிருக்கிறது.

நிம்மதி வந்ததும் என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. வேண்டுமென்றே மோசமான எஞ்சினைப் போட்டேனோ? தாளைத் திருப்பி, மிக நல்ல எஞ்சினுக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழு மணி நேரம் வந்தது. எப்படிப் போட்டாலும் பத்தாது. கணக்கில் தப்பு இல்லை. ஆனால் அது தப்பாக இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டுதான் இரண்டாவது தடவை போட்டேன்.

5

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அண்ணனுக்குப் போன் செய்தேன். பின்னால் கம்ப்ரசர் தடதடத்துக்கொண்டிருந்தது. அண்ணன் மணியைக் கூப்பிட்டு ஏதோ சொல்லிவிட்டு வந்தார்.

"சொல்லு தம்பி."

"கணக்குப் போட்டுப் பாத்தேண்ணே. கேஸ் பத்தாது."

"எவ்வளவு ஓடும்?"

"அஞ்சு மணி நேரம். ரொம்ப நல்ல எஞ்சினா இருந்தா ஏழு. நீங்க சொன்ன பதினஞ்சு காகிதத்துல வர்றதுண்ணே. அதுல கால்வாசிதான் எஞ்சின்ல கெடைக்கும்."

"ம். எஞ்சின் விக்கிறவனும் அதத்தான் சொன்னான்."

"எப்ப சொன்னான்?"

"உனக்குப் போன் பண்றதுக்கு முந்தியே சொல்லிட்டான்."

எனக்குப் புரியவில்லை. "அப்புறம் ஏன் பதினஞ்சுன்னு எங்கிட்டச் சொன்னீங்க?"

அண்ணன் தடதடப்பிலிருந்து சற்றுத் தள்ளி வந்து பேசினார். 

"சும்மா வாடான்னு சொன்னா நீ வரமாட்ட. எஞ்சின் வருது வாடான்னா வருவியோன்னு நெனச்சேன். வந்தப்புறம் கேஸ் பத்தலன்னா என்ன, இப்ப மாதிரியே டீசல ஊத்திக்கிறது. நீயும் பத்தாதுன்னு தெரிஞ்சே, சரிண்ணே வர்றேன்னு சொல்லிருவன்னு பாத்தேன்." பிறகு அவரே சிரித்தார். "நீதான் கணக்குல கெட்டிக்காரனாச்சே. சரி விடு. பாப்பா நல்லாருக்கா? படிக்கிறாளா?"

"படிக்கிறாண்ணே."

"சரி. வச்சிரட்டுமா?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டு, "கேஸ் கெடக்கட்டும்ணே, நான் வர்றேன்" என்று சொல்லியிருக்கலாம். அதற்கு எந்தக் கணக்கும் தேவையில்லை. போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உள்ளறையில் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு ஜெனி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. அண்ணனைத் திரும்பக் கூப்பிட நான் கை நீட்டவில்லை.

ஸ்டெல்லா அடுக்களையிலிருந்து வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் ஐம்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்த ஒரு வகுப்பு இருந்தது.

"அண்ணன் என்னங்க சொன்னாரு?"

"கேஸ் பத்தாதாம்" என்றேன்.

 நான் அலுவலகத்திலிருந்து கொண்டுவந்து மேஜையில் போட்டிருந்த கணக்குத் தாளை அவள் பார்த்தாள். இரண்டு பக்கமும் என் கையெழுத்து. பிறகு வகுப்பில் பிள்ளைகளைத் திருத்துகிற குரலில், கோபமே இல்லாமல் கேட்டாள்.

"பத்தாதாமா? யார் சொன்னா?"

"நான்தான்" என்றேன்.